மூன்றாவது பிளேயரின் மௌனம்

தொண்ணூறுகளில் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போன ஷெல்கள் விழுந்த சத்தம், இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு வைகாசி மாதத்தில், லூர்து மாஸ்டர் வீட்டு விறாந்தையில் ஒரு சீடி பிளேயருக்குள்ளிருந்து கேட்கத் தொடங்கியது. யாருக்கும் காயமில்லை, ஓடு ஒன்றும் உடையவில்லை. அந்தக் கிழமை வாவியில் இறால் அள்ளிக் கொட்டியது. எந்த வீட்டுக்குப் போனாலும் இறால் கறி, எந்தப் பேச்சை எடுத்தாலும் இறால் விலை. அதனால் இந்தச் சத்தத்தின் கதை ஊரில் இறாலுக்கு அடுத்தபடியாகவே பேசப்பட்டது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் துண்டு எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம், படுகிற பக்கம் என்று முன்னோர் வைத்த பெயர்கள். யுத்தம் வந்தபிறகு ஷெல் அடிக்கிற பக்கம், ஷெல் விழுகிற பக்கம் என்று அவற்றுக்குப் பொருள் மாறிப்போயிற்று. மாஸ்டரின் ஊர் எழுவான்கரையில், அக்கரையிலுள்ள பழுகாமத்துப் பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. ஊரின் வடக்கு முனையில் முகாம். அங்கிருந்து போகும் ஷெல் ஊரின் தென்னைகளுக்கு மேலால் வாவியைத் தாண்டும். சில வேளைகளில் அக்கரையிலிருந்து முகாமுக்கென்று ஒன்று வரும். சில வேளைகளில் போவதே தூரம் போதாமல் ஊருக்குள் விழுந்துவிடும். ஆகவே முகாம் பக்கம் ‘டும்’ என்றால் வருவதா போவதா, வந்தால் யாருக்கு என்று தெரிந்துகொள்வது ஊருக்குச் சோறு தண்ணீரைப்போல அவசியமாயிற்று. அதற்கு ஊரிடம் லூர்து மாஸ்டரின் காது இருந்தது.

மட்டக்களப்பில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர் அவர். மாதா கோயிலில் பாடகர் குழுவையும் அவர்தான் நடத்தினார். பிள்ளைகள் கூட்டமாகப் பாடும்போது ஒருத்தி இம்மியளவு சுரம் இறங்கினாலும் திரும்பிப் பார்க்காமலே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வாவித் தண்ணீர் சுதி மாறிவிட்டது என்று நல்ல வெயிலில் குடையோடு புறப்படுவார்; அவர் பஸ் ஏறுமுன் மழை வந்துவிடும். இதெல்லாம் ஊருக்குப் பழகிப்போன சங்கதிகள். யுத்தம் வந்தபிறகு அந்தக் காது பொதுச்சொத்தாகியது. முகாமில் சத்தம் எழும்பினால் தெரு முழுக்கச் சோற்றுக் கோப்பையில் வைத்த கை வைத்தபடியே நிற்கும். பக்கத்து வளவு அழகரத்தினம், அரசாங்கக் கச்சேரியில் எழுத்துவேலை பார்க்கும் இலிகிதர், வேலிக்கு மேலால் கேட்பார்:

“மாஸ்டர், நமக்கா?”

லூர்து மாஸ்டர் ஒரு மூச்சு நேரம் காது கொடுத்துவிட்டு, “நமக்கில்ல” என்பார். அந்தச் சொல் வேலிக்கு வேலி தாவித் தெருக்கோடிவரை போகும். பிறகு கைகள் வாய்க்குப் போகும். ஒரேயொரு தடவை “நமக்கு!” என்று கத்தினார். ஊர் பதுங்குகுழிக்குள் பாய்ந்து முடிய, ஷெல் கோயில் வளவுத் தென்னை இரண்டை முறித்துப்போட்டது. அன்றிலிருந்து அவர் வார்த்தை வேதவாக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒவ்வொரு தடவையும் ஊர் ஆறுதல் பட்டது. அது யாருடைய தலைக்குப் போயிற்று என்று கேட்பது அங்கே வழக்கத்தில் இல்லை.

இதில் இன்னொரு விசேஷமும் இருந்தது. ஷெல் போகிற சத்தம் ஊருக்குக் கேட்டது. விழுகிற சத்தம் கேட்கவில்லை. போனது எங்காவது விழத்தானே வேண்டும்? வாவியோ தண்ணீர்ப்பரப்பு, அக்கரையில் பறை அடித்தால் இக்கரையில் ஆடலாம். அப்படியிருந்தும் மாஸ்டர் “நமக்கில்ல” என்றதும் ஷெல் வானத்திலேயே கரைந்துபோனது போலச் சத்தம் அத்தோடு முடிந்துவிடும். ஊருக்கு மாற்றலாகி வந்த தபால்காரர் ஒருவர் வந்த புதிதில், “அங்கால பெரிசா விழுந்து கேட்டுதே?” என்று கடையில் கேட்டிருக்கிறார். கடையில் நின்றவர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் அவருக்கும் கேட்கவில்லை. மற்றவர்களுக்கு மந்தக்காது என்றால் மன்னிக்கலாம். தண்ணீரின் சுதி தெரிந்த லூர்து மாஸ்டருக்குக் கேட்டிருக்கத்தான் வேண்டும். கேட்காமலிருக்கக் காதைப் பழக்கியதே அவர்தான். ஊர் அவருடைய காதை இரவல் வாங்கியிருந்ததால் அதன் பழக்கமும் சேர்ந்தே வந்தது.

அக்கரையில் அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாள் என்பதையும் சொல்லவேண்டும். செசீலியா. பழுகாமத்துச் சீனித்தம்பி நெல் ஏற்றிக்கொண்டு இந்த ஊர் மில்லுக்கு வந்துபோன காலத்தில் அவன் பேச்சில் மயங்கி, ஒரு நாள் அதே ட்ரக்டரில் ஏறிப்போனவள். வேதக்கார வீட்டுப் பெண் சைவக்காரனோடு போனாள் என்று தகப்பன் வாசல்கதவைச் சாத்தினார். அண்ணன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, கலியாணத்துக்கும் போகவில்லை. பிறகு தகப்பன் செத்துக் கோபமும் செத்து, அண்ணனும் தங்கையும் போக்குவரத்தாகத் தொடங்கிய நேரம் யுத்தம் வந்து வாவிப் பாலத்தை அடைத்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணியில் ஒரு மத்தியானம், மாஸ்டர் வீட்டில் நண்டுக்கறி. முகாமில் சத்தம் எழும்பியது. வேலிக்கு மேலால் கேள்வி வந்தது. உயரமாகப் போகிறது, மேற்கே, கொஞ்சம் தெற்காக என்று அவர் காது கணக்கெடுத்தது. “நமக்கில்ல” என்றார். சொல்லிவிட்டுக் கோப்பையை மனைவி திரேசம்மா பக்கம் நீட்டி இன்னும் கொஞ்சம் சோறும் ஒரு நண்டுக்காலும் கேட்டு வாங்கினார். அந்த ஷெல் பழுகாமத்தில் செசீலியாவின் முற்றத்தில் விழுந்து சீனித்தம்பியைக் கொன்றது. செய்தி வந்து சேரக் கிழமைகள் ஆயின. வந்தவன் நாளும் நேரமும் சொன்னபோது மாஸ்டர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். சாவீட்டுக்குப் போகவில்லை. பாதை பூட்டியிருந்தது என்று எல்லோரும் அவருக்காகச் சொன்னார்கள். உண்மைதான், பூட்டித்தான் இருந்தது. ஆனால் மீன்காரர் தோணியில் போய்வந்துகொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நண்டு சமைக்கவில்லை. ஏன் என்று திரேசம்மா கேட்கவும் இல்லை. அடுத்த நாளும் முகாமில் சத்தம் எழும்பியது, அழகரத்தினம் கேட்டார், மாஸ்டர் “நமக்கில்ல” என்றார். வெட்கம் இருந்தது, வாயும் இருந்தது. ஊர் வாய்க்காகக் காத்திருந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்று ஒன்று வந்தது. பாலம் திறந்தது, பாதை திறந்தது, கொழும்புச் சாமான் லொறி லொறியாக வந்தது. மாஸ்டருக்கு ஓய்வூதியத்தில் ஒரு பகுதி மொத்தமாகக் கைக்கு வந்திருந்தது. வீட்டுக்கூரை ஒழுகிக்கொண்டிருக்க அவர் ஒரு நல்ல சீடி பிளேயர் வாங்கப்போவதாக அறிவித்தார். இத்தனை வருடம் பட்டரி ரேடியோவின் கரகரப்பையும் ஷெல்லையும் கேட்ட காது சாவதற்கு முன் ஒரு தடவையாவது சுத்தமான சங்கீதம் கேட்கவேண்டும் என்றார். “கூரையால ஒழுகிறதும் சங்கீதந்தான், சட்டி வெச்சுக் கேளுங்க” என்றாள் திரேசம்மா. ஆனால் தடுக்கவில்லை.

காத்தான்குடி ஹலீம் கொழும்பிலிருந்து உயர்ந்த ரகச் சாமான்கள் எடுத்து விற்பவர். புடவைக்கடையில் சேலைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பிடித்ததை எடுத்து மற்றதைத் திருப்பி அனுப்பச் சொல்வது அங்கே வழக்கம். ஹலீம் அந்த வழக்கத்தைப் பிளேயருக்கும் கொண்டுவந்தார். மூன்று பிளேயர்களைப் பழந்துணியில் சுற்றி வான் வண்டியில் ஏற்றிவந்து விறாந்தை மேசையில் வரிசையாக வைத்தார். “வெச்சுக் கேட்டுப் பாருங்க மாஸ்டர், அவசரமில்ல. சனிக்கிழமை வாறன். மனசுக்குப் புடிச்சது இரிக்கட்டும், மத்தது ரெண்டையும் நான் கொண்டு போறன்.” முதலாவது வெள்ளி நிறம், ஜப்பானில் செய்தது. இரண்டாவது ஒடிசலாக, இங்கிலாந்துக்காரரைப் போல அடக்கமாக இருந்தது. மூன்றாவது கறுப்பு, அம்மிக்கல் கனம், மேலே மூடியைத் தூக்கி இசைத்தட்டை வைக்கவேண்டும்.

மாஸ்டர் முறையாகத்தான் தொடங்கினார். ஒரே அம்பிளிஃபயர், ஒரே ஸ்பீக்கர், ஒரே கதிரை. மூன்றிலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி குமிழைத் திருகிக் குறி போட்டார். கொஞ்சம் உரத்துப் பாடுவதைக் காது நல்லது என்று நம்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஜெர்மனிக்குப் போன பழைய மாணவன் அனுப்பிய சேர்ந்திசைத் தட்டு ஒன்றும், ஒரு நாதஸ்வரத் தட்டும். திரேசம்மா மூன்றையும் படுக்கை விரிப்பால் மூடிவிட்டு, தன் விருப்பத்துக்கு ஒன்றைப் போடுவாள். எது பாடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்வார். ஒரு தடவையும் தவறவில்லை. முதலாவது எல்லாவற்றையும் பளபளவென்று துலக்கி வைத்தது, பாத்திரம் விற்கிறவன் மாதிரி. இரண்டாவது எல்லோரையும் மரியாதையாக உட்காரவைத்துப் பாடவிட்டது. மூன்றாவதில் பாடுகிறவர்கள் விறாந்தைக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தி மூச்செடுக்கும்போது விரிப்பின் ஓரம் அசைந்ததைத் திரேசம்மாவே கண்டாள்.

ஆனால் ஒரு பிளேயரின் தரம் பாட்டில் இல்லை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள மௌனத்தில் இருக்கிறது என்பது மாஸ்டரின் கொள்கை. முதலாவதின் மௌனத்தில் மெல்லிய இரைச்சல் இருந்தது. இரண்டாவதின் மௌனம் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. மூன்றாவதின் மௌனம் வாவியளவு அகலமாக விரிந்தது, அதன் அந்தத்தில், வெகு தூரத்தில், ஏதோ ஒன்று விழுந்தது.

தட்டில் கீறல் என்று நினைத்தாள் திரேசம்மா. தட்டை மாற்றினார்கள். நாதஸ்வரம் ஓய்ந்தது, மௌனம் விரிந்தது, மறுபடியும் விழுந்தது. சத்தம் கேட்டு அழகரத்தினம் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “என்ன மாஸ்டர், தேங்கா விழுந்ததா?” என்று கேட்டார். பலாப்பழம் என்றார் ஒருவர். துறையில் தோணி முட்டியது என்றார் இன்னொருவர். ஷெல்லோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய தெரு அது. ஆனால் ஒருவருக்குக்கூட அது என்ன சத்தம் என்று தெரியவில்லை, ஏனென்றால் ஒருவருமே அதைக் கேட்டதில்லை. லூர்து மாஸ்டருக்கு மட்டும் தெரிந்தது. முதல் தடவையே தெரிந்தது. மேற்கே, கொஞ்சம் தெற்காக. காது மடல் இரண்டும் கொதித்தன. அவர் எழுந்துபோய் மூன்றாவதின் வயரைப் பிடுங்கினார்.

விசாரிக்க வந்த ஹலீம் தானும் கதிரையில் இருந்து கேட்டுவிட்டு, “மூணாவதுதான் மாஸ்டர். என்ட காதுக்கே விளங்குது. அந்தத் தொம்மெண்ட சத்தத்தைக் கொழும்பில குடுத்துத் திருத்தலாம்” என்றார்.

“இல்ல. ரெண்டாவதுதான் நல்லம்” என்றார் மாஸ்டர். சத்தம் ஒன்றைப்பற்றி அவர் ஊரறியச் சொன்ன முதல் பொய் அது. மற்றப் பொய்களையெல்லாம் காதுக்குள்ளேயே வைத்திருந்தார். ஹலீம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உங்கள் விருப்பம் என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை செசீலியா வந்தாள். பாலம் திறந்தபிறகு முதல் வருகை. ஒரு கையில் எருமைத் தயிர்ச்சட்டி, மறு கையில் புது நெல்லரிசி. தலை பாதி நரைத்திருந்தது. அண்ணனைக் கண்டதும் அழுவாள் என்று திரேசம்மா முந்தானையைத் தயாராக வைத்திருந்தாள், அவள் அழவில்லை. தயிரை இறக்கிவைத்துவிட்டு விறாந்தையில் காலை நீட்டி உட்கார்ந்து, “பாட்டுப் பெட்டி வாங்கினீங்களாம் அண்ணன்? போடுங்க பாப்பம்” என்றாள். மாஸ்டர் இரண்டாவதைப் போட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டாள். “நல்லாத்தான் இரிக்கு. மறுகா அந்தக் கறுப்பையும் போடுங்க.”

“அது பழுது.”

“பழுதெல்லாம் இல்ல மச்சி” என்றாள் திரேசம்மா, ஒன்றும் அறியாமல். “நடுவில தேங்கா விழுற மாதிரி ஒரு சத்தம் வருது. அதுக்கு இவர் பயப்படுறார்.” சொல்லிக்கொண்டே வயரைக் குத்திப் போட்டும் விட்டாள்.

சேர்ந்திசை எழுந்து அடங்கியது. மௌனம் விரிந்தது. விழுந்தது. செசீலியா காலை மடக்கிக்கொண்டாள். “இது தேங்கா இல்ல. அம்மன் கோயில்ட தெக்கு மதில்ல விழுந்தது.” அடுத்த பாட்டு முடிய அடுத்தது. “இது தங்கராசாட மாட்டுப்பட்டி. மாடு ஒண்டும் மிஞ்சல்ல.” அதற்கடுத்தது. “இது வயல் வட்டைக்க, கதிர் முத்தின நேரம். ஆச்சிப்பிள்ளை அதுக்குப் பிறகு வயலுக்கே போகல்ல.” விலை சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனாள். வேலியோரம் ஆட்கள் சேர்ந்தார்கள். விழுவது இன்னதென்று அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. இத்தனை காலம் தலைக்கு மேலால் அனுப்பி வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக இறங்குவதைக் கேட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பிறகு ஒன்று விழுந்தது. அடுத்த பாட்டு தொடங்கிக் கொஞ்சத் தூரம் போனபிறகுதான் செசீலியா சொன்னாள்.

“இது எங்கட.”

அதற்குமேல் அழகரத்தினத்தால் பொறுக்க முடியவில்லை. மாஸ்டருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். “புள்ள, உண்மையைச் சொன்னா எங்களுக்கு இதொண்டும் கேக்கவேயில்ல. மாஸ்டர் நமக்கில்ல எண்டு சொன்னாரெண்டா நாங்க சோத்தைத் திண்டுபோட்டு நிம்மதியாக் கிடப்பம். அவர்ட காதாலதான் இந்தத் தெரு உசிரோட இரிக்கு. புண்ணியவான்.”

செசீலியா அண்ணனைப் பார்த்தாள். மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். அவருடைய பாடகர் குழுப் பிள்ளைகள் சுரம் தவறிப் பிடிபட்டால் அப்படித்தான் நிற்பார்கள்.

“அண்டைக்கும் சொன்னீங்களா அண்ணன்?”

“ஓம்.”

“மறுகா? அதுக்குப் பிறகு?”

பாதை பூட்டியிருந்தது என்ற பதில் வாயில் வந்து நின்றது. அதை விழுங்கினார். “சோறு திண்டன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் திண்டன்.” பிறகு, “வெக்கமாக் கிடக்கு புள்ள” என்றார். அறுபது வயது மனிதர், வேலியோரம் ஊர் நிற்க, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பொத்திய காதுக்குள்ளும் மூன்றாவதின் மௌனம் விரிந்துகொண்டே இருந்தது.

செசீலியா தயிர்ச்சட்டியின் பக்கம் திரும்பினாள். அவள் எழுந்து போய்விடுவாள், தயிர்ச்சட்டியையும் தூக்கிக்கொண்டு போனாலும் நியாயம்தான் என்று திரேசம்மா நினைத்தாள். “அவரும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தவர்” என்றாள் செசீலியா. “கோப்பையைப் பிடிச்சபடிதான் கிடந்தார். ஒவ்வொரு மத்தியானமும் அந்தச் சத்தம் என்ட முத்தத்தில கேக்குது அண்ணன். எனக்கு மட்டுந்தான் கேக்குது எண்டு இருந்தன். தனியக் கேக்கிறது பொல்லாத வேலை.” எழுந்துபோய் அந்தக் கறுப்புப் பெட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது. “இதை எடுங்க. இஞ்ச கொஞ்சம் கேட்டாத்தான் அங்க கொஞ்சம் குறையும்.”

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதை அவள் பிறகும் சொன்னதாகத் தகவல் இல்லை. அன்று அங்கே சாப்பிடாமல்தான் போனாள்.

சனிக்கிழமை வந்த ஹலீமிடம், மூன்றாவதுதான் நல்லது, முதலில் சொன்னது பொய் என்று மாஸ்டர் சொன்னார். “எனக்குத் தெரியும் மாஸ்டர்” என்றார் ஹலீம். “அப்ப அந்தச் சத்தத்தைத் திருத்திக்கொண்டு வரட்டா?” திருத்தக் கூடாது, அதற்காகத்தான் எடுக்கிறேன் என்றார் மாஸ்டர். இந்தப் பதிலுக்கு வியாபாரத்தில் இடமில்லாததால் ஹலீம் தேநீரைக் குடித்துவிட்டு மற்ற இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அதன்பிறகு நாளாந்தம் மத்தியானத்தில் மூன்றாவது பாடியது. அக்கரைக்குப் போனவையெல்லாம் போன ஒழுங்கிலேயே விழுந்தன. எல்லாம் விழுந்து முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கின. தெரு அதற்குப் பழகிக்கொண்டது. சோற்றில் கை வைத்தவர்கள் அது விழும்வரை பொறுத்திருந்து சாப்பிட்டார்கள். புதிதாகக் கலியாணம் முடித்து வந்த பெண்களுக்கு மாமிமார் இந்த வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். பழுகாமத்தில் செசீலியாவின் முற்றத்தில் சத்தம் மெல்லக் குறைந்து, ஒரு நாள் மத்தியானம் கேட்காமலே போயிற்று என்று சொல்லியனுப்பினாள். பொங்கலுக்கு வந்தபோது அண்ணன் வீட்டில் ஒரு பிடி சாப்பிட்டாள். கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

இரண்டாயிரத்து ஆறில் சமாதானம் முடிந்தது. படுவான்கரைச் சனம் பெட்டி சட்டியோடு வாவியைத் தாண்டி வந்தபோது செசீலியாவும் அண்ணன் வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் இல்லை; கறுப்புப் பெட்டியின் மூடி சாத்தியிருந்தது. முகாமில் சத்தம் எழும்பியது. கைகள் நின்றன. அழகரத்தினம் ஓய்வு பெற்றிருந்தார், பல்லும் போயிருந்தது, பழக்கம் போகவில்லை.

“மாஸ்டர், நமக்கா?”

லூர்து மாஸ்டர் காது கொடுத்தார். உயரமாகப் போனது. வாவியைத் தாண்டியது. மேற்கே, கொஞ்சம் தெற்காக. அந்தக் காது அப்போதும் இம்மியளவும் தவறவில்லை. அவர் செசீலியாவைப் பார்த்தார். அவள் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம்” என்றார். “நமக்கு.”

அந்தச் சொல் வேலிக்கு வேலி போய்த் தெருக்கோடியை எட்டியது. ஒருவரும் பதுங்குகுழிக்கு ஓடவில்லை. எல்லோரும் இருந்த இடத்திலேயே, சோற்றில் வைத்த கையோடு காத்திருந்தார்கள். அது அக்கரையில் போய் விழுந்தது. எல்லா வீட்டுக்கும் கேட்டது. மாஸ்டரின் காது தவறிவிட்டதென்று அழகரத்தினமும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. செசீலியா முதல் பிடியை எடுத்து வாயில் வைத்தபிறகு மற்றவர்களும் சாப்பிட்டார்கள். சோறு ஆறிப்போயிருந்தது.